அத்தையின் பட்டுப்புடவையும் நான் சொன்ன ஒரு பொய்யும்!

``ஏய், ரிசப்ஷனுக்கு டிரெஸ் கோட் இருக்கு. எய்ட்டீஸ் ரெட்ரோ தீம். நீ பாட்டுக்கு சுடிதார்ல வந்து நின்னேன்னா, மேடையிலயே ஏத்த மாட்டேன். சொல்லிட்டேன்!''

கல்யாணத்துக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது தோழியிடமிருந்து வந்த வாய்ஸ் மெசேஜ் இது. இதழியல் டிப்ளோமா படிக்கும்போது பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவள். மதியச் சாப்பாட்டில் பாதியை எனக்குக் கொடுத்தவள். திருச்சியில் கல்யாணம். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். ரிசப்ஷனுக்கு வருகிறவர்கள் 80-களில் கல்யாணத்துக்குப் போனவர்கள் மாதிரி வர வேண்டுமாம்.

நான் பிறந்ததே 1999-ல். 80-கள் எனக்குத் தெரிந்ததெல்லாம் இளையராஜா பாட்டும் அப்பா அம்மா வீட்டு ஆல்பங்களும்தான். சென்னையில் ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் `விண்டேஜ் ஸ்டைல் புடவை' என்று தேட ஆரம்பித்தேன். அவ்வளவுதான். அடுத்த நிமிடத்திலிருந்து எந்த ஆப்பைத் திறந்தாலும் பஃப் கை பிளவுஸ் போட்ட மாடல்கள்தான் சிரித்தார்கள். ஒரு புடவை பிடித்திருந்தது. பழைய டிசைன், மங்கலான ஜரிகை. விலை 6,499 ரூபாய். அது பட்டா, பட்டு மாதிரியா என்று எங்கேயும் தெளிவாகப் போடவில்லை. கார்ட்டில் சேர்த்துவிட்டு, மனசு கேட்காமல் கும்பகோணத்துக்கு, அம்மாவுக்கு போன் போட்டேன்.

``பழசு மாதிரி இருக்கிற புதுசுக்கு ஆறாயிரத்து ஐந்நூறா? உங்க அத்தை பீரோவுல நெஜமான பழசே சும்மாதான்டி தூங்குது!''

அம்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

எது விண்டேஜ், எது ரெட்ரோ?

எங்கள் வேலையில் ஒரு பழக்கம். எதைத் தொட்டாலும் அதைப் பற்றி நாலு விஷயம் படித்துவிடுவோம். துணி வியாபாரத்தில், பொதுவாக 20 வருஷத்துக்கு மேல் பழசான உடையைத்தான் `விண்டேஜ்' என்கிறார்கள். 100 வருஷம் தாண்டினால் `ஆன்டிக்'. பழைய பாணியில் இன்று புதிதாகத் தைத்தால் அது `ரெட்ரோ'. ஆக, நான் கார்ட்டில் போட்டு வைத்திருந்தது விண்டேஜே இல்லை, ரெட்ரோ. நான் எல்.கே.ஜி-க்குப் போட்டுக்கொண்டு போன ஃபிராக் இப்போது விண்டேஜ். இந்தக் கணக்கு என்னைக் கொஞ்சம் கலவரப்படுத்தியது என்பது தனிக்கதை.

ஆனால், நம் வீடுகளில் இந்த வார்த்தைகளுக்கெல்லாம் வேலையே இல்லை. நம் ஊரில் விண்டேஜ் கடை என்பது பீரோவின் மேல்தட்டுதான். அம்மாவின் முகூர்த்தப் பட்டு, பாட்டியின் ஒன்பது கஜம், சித்தியின் நலங்குப் புடவை என்று எல்லாம் அங்கேதான் இருக்கும். எதையும் யாரும் கட்ட மாட்டார்கள். தூக்கிப் போடவும் மாட்டார்கள்.

விருந்தாளிக்கும் ஒரு இலக்கணம் உண்டு

சனிக்கிழமை ஊருக்குப் போனதும் முதலில் அம்மாவின் பீரோவைத்தான் திறந்தேன். அரக்குச் சிவப்பில் அவரின் கூறைப்புடவை கண்ணில் பட்டது. எடுத்துத் தோளில் போட்டேன்.

``அதை வை. கூறைப்புடவையைக் கட்டிக்கிட்டு அடுத்தவங்க கல்யாணத்துக்குப் போறதா? பொண்ணு யாருன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க குழம்பிடுவாங்க'' என்று பிடுங்கி உள்ளே வைத்தார் அம்மா.

அன்று மதியம் அம்மா எனக்கு ஒரு பாடமே எடுத்தார். கல்யாணத்துக்குப் போகிறவள் கட்டும் புடவைக்கு மூன்று கணக்குகள் இருக்கின்றன. முதலாவது, மணப்பெண்ணின் நிறத்தைக் கட்டக் கூடாது. கூறை அரக்கு என்றால் நாம் அரக்கைத் தவிர்த்துவிட வேண்டும். தெரியாவிட்டால் முன்கூட்டியே கேட்டுவிடலாம், தப்பில்லை. இரண்டாவது, முழு வெள்ளை, முழுக் கறுப்பு வேண்டாம். நமக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, கல்யாண வீட்டுப் பெரியவர்களின் மனசைச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. `ரொம்பப் பளபளன்னு போனா பொண்ணை மறைக்கும். ரொம்ப சாதாரணமா போனா கல்யாண வீட்டை மதிக்கலைன்னு ஆகும். நடுவுல நிக்கணும்.'

பழைய பட்டு அந்த நடு இடத்தில் தானாகவே போய் நின்றுவிடும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அதன் ஜரிகை கண்ணைக் கூசாது. ஆனால், கிட்டே வந்து பார்க்கிறவர்கள் இரண்டு நிமிடம் நின்று பார்ப்பார்கள்.

மாமாவின் வேட்டிக்குள் ஒரு மயில்

அத்தை வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அப்பாவின் அக்கா. 1986 ஆவணியில் அத்தைக்குக் கல்யாணம். `மௌன ராகம்' வெளியான வருஷம். எங்கள் வீட்டு ஆல்பத்தில் அத்தையும் மாமாவும் மறுவீட்டுக்கு வந்தபோது எடுத்த கலர் போட்டோ ஒன்று இருக்கிறது. காது மறைத்த ஜடை, உப்பிய பஃப் கை பிளவுஸ், முழங்கையைத் தொடும் ஜரிகை பார்டர், நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு புடவை. எய்ட்டீஸ் தீமுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். 1993-ல் மாமா மாரடைப்பில் இறந்துவிட்டார். அத்தைக்கு அப்போது 28 வயது. என் வயசைவிட இரண்டு வயசுதான் அதிகம். கையில் மூன்று வயசுப் பையன். கருணை அடிப்படையில் மாமாவின் அலுவலகத்திலேயே வேலை கிடைத்தது. பையனைப் படிக்க வைத்தார், வீடு கட்டினார், போன வருஷம் ஓய்வும் பெற்றுவிட்டார். அத்தையை நான் பருத்திப் புடவையிலும் வாயில் புடவையிலும்தான் பார்த்திருக்கிறேன். கல்யாணங்களுக்கு வருவார். தாலி கட்டி முடித்து, கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்கு நகரும் நேரமாகப் பார்த்து வருவார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, மொய் எழுதிவிட்டுப் போய்விடுவார். யாரும் அவரை அப்படி இருக்கச் சொன்னதில்லை. யாரும் அப்படி இருக்க வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

போட்டோவைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் அத்தை சிரித்தார். ``இதையா? இதெல்லாம் இப்ப ஃபேஷனா?'' என்றபடி இரும்புப் பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தை இறக்கினார். பிரித்தார். துவைத்துத் துவைத்து மெலிந்துபோன எட்டு முழ வேட்டி அது.

``உங்க மாமாவோடது. பட்டைப் பழைய பருத்தித் துணியிலதான் சுத்தி வைக்கணும். பிளாஸ்டிக் கவர்ல வச்சா காத்துப் போகாது, ஜரிகை கறுத்துடும்'' என்றார், ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோல.

உள்ளே அந்தப் புடவை. மயில் கழுத்து நிறம். ஒரு நிறத்தில் பாவும் இன்னொரு நிறத்தில் ஊடையும் ஓட்டி நெய்வதால்தான் அப்படி. ஒரு பக்கம் திருப்பினால் நீலம், இன்னொரு பக்கம் பச்சை. அரக்கு பார்டரில் ருத்ராட்ச வரிசை, முந்தானையில் மாங்காய். ``காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்தோம். இந்தக் கோர்வையைப் பாரு'' என்று பார்டர் சேரும் இடத்தைத் தடவிக் காட்டினார் அத்தை. கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, பார்டருக்கு வேறு நாடா. தறியில் உட்கார்ந்து நெய்பவர் ஒருவர், பக்கத்தில் பார்டர் நாடாவை ஓட்ட இன்னொருவர். ஒவ்வோர் இழையையும் இரண்டு பேராகக் கோத்துக் கோத்து நெய்வார்கள். காஞ்சிபுரம் பட்டுக்குப் பின்னாளில் புவிசார் குறியீடு கிடைத்ததில், இந்த வேலைப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

40 வருஷத்துப் புடவை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் மடிப்பு வாக்கில் விரல் நீளத்துக்கு விட்டுப் போயிருந்தது. மற்றபடி நேற்று வாங்கியதுபோல இருந்தது.

``வருஷத்துக்கு ரெண்டு தடவை வெளியில எடுத்து, நிழல்ல காயப்போட்டு, மடிப்பை மாத்தி வைப்பேன். ஒரே மடிப்புல கிடந்தா அந்த இடத்துல பட்டு அறுத்துக்கும்.''

``நீங்கதான் கட்டவே போறதில்லையே அத்தை. அப்புறம் எதுக்கு இவ்வளவு மெனக்கெடுறீங்க?'' வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

``நான் கட்டலைங்கிறதுக்காகப் புடவை வீணாப் போகணுமா?'' என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். தெருவில் `பழைய பட்டுப்புடவை வாங்குறோம்' என்று கூவிக்கொண்டு வருவார்களே, அவர்களில் ஒருவரிடம் ஒருமுறை இதைக் காட்டினாராம். அசல் ஜரிகை என்பது பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்கமுலாம் பூசியது. அந்த வெள்ளிக்காகத்தான் பழைய புடவைகளை வாங்குகிறார்கள். அந்த ஆள் ஜரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, நல்ல விலைதான் சொன்னாராம்.

``பின்ன ஏன் கொடுக்கலை?''

``அவன் வெள்ளிக்கு வெலை சொன்னான். புடவைக்குச் சொல்லலையே!''

அம்மா சொன்ன ஒரு வார்த்தை

புடவையோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் டி.வி-யின் சத்தத்தைக் கூட்டினார். அம்மா சமையற்கட்டுக்குக் கூப்பிட்டார்.

``கட்டிக்கிட்டுப் போ. நான் வேண்டாங்கலை. ஆனா, யாராவது யாரோட புடவைன்னு கேட்டா, அப்பாயியோடதுன்னு சொல்லிடு. அண்ணியோட கல்யாணப் புடவைன்னு சொல்லாதே.''

``ஏம்மா?''

``ஏன்னு உனக்குத் தெரியாதா? எனக்கு ஒண்ணும் இல்லை. கல்யாண வீட்டுல நாலு பேரு நாலு விதமா நினைப்பாங்க. அவங்க நல்லா இருக்கணும்னுதானே போறோம்?''

இதைச் சொன்ன அதே அம்மாதான், அத்தைக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் அவர் வீட்டில் போய் இருப்பவர். தீபாவளிக்கு முதல் பலகாரம் அத்தை வீட்டுக்குத்தான் போகும். அம்மா கெட்டவர் இல்லை. அதனால்தான் என்னால் சண்டை போட முடியவில்லை. ``சரி'' என்று தலையாட்டினேன்.

பழைய பட்டைக் கட்டும் முன்...

அடுத்த இரண்டு வாரம் புடவையைத் தயார் செய்வதில் போனது. அத்தை சொன்னதும், நான் நாலு இடத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டதும் உங்களுக்கும் உதவலாம்.

* முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் புடவையை விரித்துப் பிடித்துப் பாருங்கள். ஓட்டை, கறை, இழை விட்ட இடம் எல்லாம் தெரிந்துவிடும். மடிப்பு இருந்த இடங்களை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பல இடங்களில் பட்டு நொறுங்குவதுபோல இருந்தால், அந்தப் புடவையைக் கட்ட வேண்டாம். ஃபிரேம் போட்டு வைக்கலாம். நல்லாயிருக்கும் பகுதியை எடுத்து பிளவுஸாகத் தைத்துக்கொள்ளலாம்.

* சின்னக் கிழிசல் என்றால், பின்பக்கம் மெல்லிய நெட் துணி வைத்து, அதே நிற நூலால் இழை ஓட்டித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். கிழிசல் உள்சுற்றில் போகும்படி கட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது.

* பீரோ வாசனை போக, ஒருநாள் நிழலில் காற்றாடப் போட்டால் போதும். வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும். வீட்டில் தண்ணீரில் நனைக்கும் விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம்.

* அயர்ன் செய்யும்போது புடவையின் உள்பக்கமாகத் திருப்பி, மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் தேய்க்க வேண்டும். ஜரிகை மேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது.

* சேஃப்டி பின் பழைய பட்டுக்கு எமன். பின்னுக்கும் புடவைக்கும் நடுவில் ஒரு சின்னத் துணித்துண்டு வைத்துக் குத்துங்கள். இழுபட்டாலும் புடவை கிழியாது.

* சென்ட் அடிப்பதென்றால் புடவை கட்டுவதற்கு முன்பே அடித்துக்கொள்ளுங்கள். ஜரிகையில் பட்டால் கறுக்கும். ரசகற்பூர உருண்டையும் ஜரிகையைத் தொடக் கூடாது.

* கட்டி முடித்ததும் அப்படியே மடித்து பீரோவில் வைக்காதீர்கள். வியர்வை ஈரம் காய, சில மணி நேரம் கொடியில் வேட்டி விரித்து, அதன்மேல் போட்டுவிட்டு, பிறகு மடியுங்கள்.

அத்தையின் அசல் பிளவுஸும் இருந்தது. ஆனால், 1986-ல் அத்தை இருந்த அளவுக்கு நான் இல்லை. தையலில் உள்ளே விட்டிருந்த துணியை முழுக்கப் பிரித்தாலும் என் தோள் நுழையாது. சென்னையில் ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் இருக்கும் டெய்லர் அக்காவிடம் போட்டோவைக் காட்டினேன். ``பஃப் கைக்கு உள்ளே கேன்வாஸ் வைக்கணும்மா. இல்லைன்னா ரெண்டு மணி நேரத்துல தொங்கிடும்'' என்றார். அரக்கு நிறத்தில் புதுத் துணி எடுத்துத் தைத்ததில், எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய் ஆனது. 6,499 ரூபாய்ப் புடவையைக் கார்ட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

``தீர்க்க சுமங்கலியா இருந்திருப்பாங்க!''

ரிசப்ஷன் மண்டபம் கலகலவென்று இருந்தது. பெல்பாட்டம், பெரிய காலர் சட்டை, பொட்டுப் பொட்டு டிசைன் புடவை, மண்டபத்துக்குள்ளேயே கூலிங் கிளாஸ். மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒரு டேப் ரெக்கார்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். மணப்பெண்ணான என் தோழி என்னைப் பார்த்ததும் மேடையிலிருந்தே கத்தினாள், ``ஏய்! நீ நெஜமாவே அந்தக் காலத்துலேருந்து வந்துட்டியா?''

நிறைய பேர் புடவையைப் பற்றிக் கேட்டார்கள். பெரும்பாலும் என் வயசுப் பெண்கள். `எங்க வாங்கினே?' என்றார்கள். `வாங்கலை, வீட்டுப் புடவை' என்றேன். அது வரைக்கும் பிரச்னையில்லை.

பந்தியில் என் பக்கத்தில் தோழியின் பாட்டி வந்து உட்கார்ந்தார். 80 வயசுக்கு மேல் இருக்கும். சாம்பார் வருவதற்கு முன் என் முந்தானையை எடுத்து மடியில் போட்டு, அதன்மேல் கைக்குட்டையை விரித்துவிட்டார். ``இந்த மாதிரிப் புடவையை இப்ப நெய்ய ஆளே குறைஞ்சு போச்சு. பார்த்துச் சாப்பிடு'' என்றார். பிறகு முந்தானை ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

``யாரோட புடவை கண்ணு இது?''

ஒரு நொடிதான். அத்தை முகமும் வந்தது, அம்மா முகமும் வந்தது.

``எங்க அப்பாயியோடது பாட்டி.''

``கொடுத்து வச்சவங்க. தீர்க்க சுமங்கலியா இருந்திருப்பாங்க. புடவையைப் பார்த்தாலே தெரியுது. நீயும் அப்படியே இருக்கணும்'' என்று என் தலையில் கை வைத்தார்.

இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என்னால் சாப்பிட முடியவில்லை.

புடவையைப் பார்த்தால் எதுவும் தெரியாது என்பதற்கு நானே சாட்சி. அதைக் கட்டியிருந்தவள் 28 வயசில் கணவனை இழந்தாள் என்பதும் அந்தப் புடவையில் இல்லை. அதன் பிறகு அவள் தனியாக ஒரு பிள்ளையை ஆளாக்கினாள் என்பதும் அதில் இல்லை. அந்தப் பாட்டி அன்பாகத்தான் சொன்னார். நான்தான் அந்த அன்பை வேறோர் ஆளின் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? இரவு ரூமுக்குப் போய் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வேறு போட்டேன். இரண்டு போட்டோ. கீழே, `அப்பாயி புடவையில்... எய்ட்டீஸ் கேர்ள்!' ஒருமுறை சொன்ன பொய்யை இரண்டாம் முறை சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.

காலையில் எழுந்து யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். பட்டியலில் அத்தையின் பெயர். ஓய்வுபெற்ற பிறகுதான் அவர் ஸ்மார்ட்போன் வாங்கியிருந்தார். பார்த்த நேரம் இரவு 11.40. கூடவே ஒரு கட்டைவிரல் எமோஜி. வேறு ஒன்றும் இல்லை.

மற்றவர்கள் யாராவது திட்டி எழுதியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அந்த ஒற்றைக் கட்டைவிரலை என்னால் பார்க்கவே முடியவில்லை.

``அம்மாவுக்கு நீலமே பிடிக்காது''

முகூர்த்தம் முடிந்ததும் சென்னைக்குப் போகாமல் கும்பகோணத்துக்கு பஸ் ஏறினேன். புடவையை மடியிலேயே வைத்திருந்தேன். அத்தை வீட்டில் நுழைந்ததும் என்ன பேசுவது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். கடைசியில் உளறினேன்.

``அத்தை, அந்த ஸ்டேட்டஸ்ல... நான் அப்பாயின்னு...''

அத்தை புடவையைப் பிரித்து, கிழிசல் பெரிதாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

``அம்மாவுக்கு நீலமே பிடிக்காது. `கல்யாணத்துக்கு யாராவது நீலத்துல எடுப்பாங்களா'ன்னு கடையிலயே சண்டை. உங்க மாமாதான், அவளுக்குப் பிடிச்சிருக்கு, இதையே பில் போடுங்கன்னு சொன்னார். அதுவரைக்கும் அவர் என்கிட்ட நாலு வார்த்தைகூடப் பேசினதில்லை. அவர் எனக்காகப் பேசின முதல் பேச்சு அதுதான்.''

நான் எதுவும் பேசவில்லை.

``அதைப் போய் அம்மா புடவைன்னு எழுதிட்டியே. அவ மேலேர்ந்து பார்த்தா எவ்வளவு கோபப்படுவா!'' என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

``சாரி அத்தை.''

``உன்னை என்ன சொல்றது? உன் அம்மா சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். அவ சொல்லலைன்னா நானே சொல்லியிருப்பேன். நானே முப்பது வருஷமா கடைசி வரிசையில போய்த்தானே உட்கார்றேன். என்னை எழுப்பி யாரு அங்க அனுப்புனா?''

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. அவரை யாரும் அனுப்பவில்லை என்பது உண்மைதான். ஆனால், முன் வரிசையில் அவருக்கு யாரும் இடம் பிடித்து வைக்கவும் இல்லை. அதில் நானும் அடக்கம். எத்தனை கல்யாணங்களில், `அத்தை எங்கே' என்றுகூடத் தேடாமல் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

அன்று இரவு அத்தையும் நானும் சேர்ந்து அந்தப் புடவையை மடித்தோம். முன்பிருந்த மடிப்பில் விழாமல், நாலு விரல் தள்ளி. பிறகு மாமாவின் வேட்டியில் சுற்றினோம். `வைத்துக்கொள்' என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது அவருடைய புடவை.

கிளம்பும் முன் கேட்டேன். ``இதைப் பத்தி எழுதட்டுமா அத்தை?''

``பேரைப் போடாதே. மத்ததை எழுதிக்கோ'' என்றார்.

தோழிக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன். ``பாட்டிகிட்ட நான் சொல்லிக்கிறேன். அடுத்த தடவை திருச்சிக்கு வரும்போது உங்க அத்தையைக் கூட்டிட்டு வா'' என்றாள். பாட்டி என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடமும் சொன்னேன். ``எதுக்கு இப்ப அதைப் போய்க் கிளறிக்கிட்டு...'' என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். தை மாதம் எங்கள் சித்தப்பா பெண்ணுக்குக் கல்யாணம். அதற்கு யார் யாருக்கு என்ன புடவை எடுப்பது என்று அம்மா எழுதும் பட்டியலில், ``அண்ணிக்கும் பட்டே எடுத்துடலாமா? கேட்டா வேண்டாம்பாங்க...'' என்று அவராகவே என்னிடம் கேட்டிருக்கிறார். ``கேட்காமலே எடுங்க. எந்த நிறம்னு மட்டும் கேளுங்க'' என்றேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அதே போட்டோவை மறுபடியும் ஸ்டேட்டஸில் போட்டேன். பக்கத்தில் ஆல்பத்திலிருந்து போனில் எடுத்துவைத்திருந்த 1986 போட்டோ. கீழே, `என் அத்தையின் கல்யாணப் புடவை. மாமா தேர்ந்தெடுத்தது.'

பத்து நிமிடத்தில் அத்தையிடமிருந்து பதில் வந்தது. இந்த முறை கட்டைவிரல் இல்லை.

`பிளவுஸ் கை இன்னும் கொஞ்சம் உப்பியிருக்கணும்.'